கடைசிக் கேஜில் உன் இடம்

பென்சில் சீவும்போது ஒரு வாசனை வருகிறது. எழுபத்து மூன்று வயதில்தான் அதை முதன்முதலாக முகர்ந்தேன். சீவிய சுருளைக் கீழே போட மனம் வராமல் மூக்கருகே வைத்துக்கொள்கிறேன். மருமகள் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். தங்கச் சுரங்கத்தில், கீழே லெவலில் பாறைக்கு முட்டுக் கொடுக்க மரம் அறுப்பார்களே, அந்த வாசனை இதில் கொஞ்சம் இருக்கிறது. உடனே நீ வந்துவிடுகிறாய். ஹெல்மெட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, நம்மை ஏற்றி இறக்கும் கேஜின் கதவுக் கம்பியில் விரலால் தாளம் போட்டபடி நிற்கிறாய்.

எனக்கு எழுதப் படிக்க வந்துவிட்டது. இதை முதலில் உனக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். சங்கக் கட்டடத்தில் மத்தியான வகுப்பு. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், கிழவர்கள் ஆறு பேர். 'ழ' எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வால் ஒருபக்கம் போக வேண்டிய இடத்தில் இன்னொரு பக்கம் போய்விடும். இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். சோப்பு உறை, கல்யாணப் போஸ்டர், காலண்டரில் ராகுகாலம். சாம்பியன் ரீப்ஸ் கல்லறைத் தோட்டத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பெயர்களாக வாசித்துக்கொண்டு நடந்தேன். கூட வேலை செய்தவர்களின் பெயர்களை எழுத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சத்தமாகவே வாசித்தேன். அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தவர் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். யாரையும் தேடவில்லை, படிக்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்திருக்கும்.

அந்தச் சந்தோஷத்தோடு இந்த மடலை முடித்துவிட ஆசைதான். முடியாது. ஒரு முழுப் பக்கத்தை நான் யார் உதவியும் இல்லாமல் வாசித்து முடித்தது போன மாதம். அந்தப் பக்கத்தில் இருந்தது நான் சொன்ன பொய்.

உன் பாட்டைப் பற்றியது அது. நம் லைன் வீட்டில் இருந்துகொண்டு உன் கச்சேரிக்கு டிரம் வாசித்தானே, அவனுடைய பேத்தி தீபா பெங்களூரில் வேலைக்குப் போகிறாள். சாயங்காலங்களில் நாலைந்து பேரோடு சேர்ந்து ஹிப் ஹாப் பாடுகிறாள். பாட்டு என்கிறாள், எனக்குக் கேட்க வேகமாகச் சண்டை போடுவது மாதிரி இருக்கிறது, ஆனால் நல்ல சண்டை. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் உங்கள் கிளப் கச்சேரி கேசட் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அதிலிருந்து உன் குரலையும் ஆரம்பத்தில் டிரம்மில் விழும் மூன்று அடியையும் எடுத்து, அதன்மேல் தன் சொற்களைக் கட்டியிருக்கிறாள். விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுவதையும், குழாயில் தண்ணீர் வராததையும், மூடிக் கிடக்கும் சுரங்க ஷாப்டையும் அவள் சொல்லிக்கொண்டே போக, நடுநடுவே நீ வருகிறாய்: நீ மேல போ, நான் வரேன். விளக்க நீ எடுத்துக்கோ, வழி எனக்குத் தெரியும்.

நாற்பது வருடத்துக்குப் பிறகு நீ பாடிக் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கவனிக்கவில்லை. போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இந்தப் பாட்டு பிறந்த கதையைச் சொல்லுங்கள் என்றாள்.

"பழைய பாட்டுல ஒரு துண்டு எடுத்து அதுமேல நாங்க கட்டுவோம், தாத்தா. ஆனா யாரோடது, எப்டி வந்துச்சுன்னு சொல்லாம எடுத்தா அது திருட்டு. நீங்கதான அவருக்கு உசுரு பிரண்டு? உங்களுக்குத்தான தெரியும்?"

எனக்குத்தான் தெரியும். உயிரோடு இருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று காலை ஷிப்டு தொடங்கியதிலிருந்தே பாறை பேசியது. வெடிப்பதற்கு முன் உள்ளே முறுக்கேறி டக் டக் என்று சத்தம் போடுமே, அதைத்தான் சொல்கிறேன். எல்லோரும் மேலே வரச் சொல்லி உத்தரவு வந்தது. நீ அந்த லெவலின் பெல்மேன். ஆட்களைக் கேஜில் ஏற்றி, கதவைச் சாத்தி, மூன்று தரம் மணி அடிப்பது உன் வேலை. மூன்று மணி என்றால் கேஜில் மனிதர்கள் இருக்கிறார்கள், பார்த்துத் தூக்கு என்று மேலே எஞ்சின் ஓட்டுகிறவருக்குச் செய்தி. கடைசி ஓட்டத்தில் பெல்மேனும் ஏறுவான். அதனால் கடைசிக் கேஜில் கதவோரமாக ஓர் ஆள் நிற்கும் இடத்தை எல்லோரும் விட்டுவிட்டு நிற்போம். எவ்வளவு நெருக்கினாலும் அந்த இடத்தை யாரும் மிதிக்க மாட்டோம். எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதி வைத்திருந்தாலும் அன்றைக்கு எனக்கு வாசிக்கத் தெரிந்திருக்காது. ஆனால் நம் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

நான் உத்தரவை மீறிப் புகையிலை டப்பாவை எடுக்கத் திரும்பிப் போயிருந்தேன். ஓடி வந்தபோது கேஜ் நிரம்பியிருந்தது. உன் இடம் மட்டும் காலி. அதில் உன் ஒரு கால் இருந்தது. பிந்தியவன் கேஜ் திரும்பி வரும்வரை நிற்க வேண்டும். பத்து நிமிடம்தான். மறுபடி ஒரு டக். உன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து வெளியே தள்ளிவிட்டு நான் ஏறிக்கொண்டேன்.

மற்றவர்கள் தோளோடு தோள் ஒட்டி உள்பக்கம் பார்த்து நின்றதால் யாரும் பார்க்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய். உன் கைக்கு என் கை ஒரு பொருட்டில்லை, என்னை இழுத்து எறிந்திருக்கலாம். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கதவைச் சாத்தினாய்.

"நீ மேல போ. நான் வரேன்."

மூன்று மணி அடித்தாய். கேஜ் எழும்பியது. அது திரும்பி வருவதற்குள் பாறை வெடித்தது.

மறுநாள் மத்தியானம் உன்னை மேலே கொண்டுவந்தார்கள். இடது காது போயிருந்தது. விசாரித்த ஆபீசரிடம், உள்ளே இன்னும் ஆட்கள் இருக்கிறார்களோ என்று பார்க்க நானாகத்தான் நின்றேன் என்று சொன்னாய். நான் அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து உள்ளே போவதற்கு ஐந்தடி நடந்தால் போதும். நடக்கவில்லை.

பிறகு உனக்குக் கீழே வேலை இல்லை, லேம்ப் ரூமில் விளக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை. ஆஸ்திரேலியா போன போர்மன் விட்டுச் சென்ற கிதாரைக் கையில் எடுத்தாய். ஒற்றைக் காதுக்குச் சுருதி சரியாகக் கேட்கவில்லை என்று கிதார்க் கட்டையில் தாடையை அழுத்திக்கொண்டு வாசிப்பாய். நாலு பேர் சேர்ந்து கிளப்பில் இங்கிலீஷ் ராக் பாட்டுகள் பாடினீர்கள். அடுத்த கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் முதல்முறை உன் சொந்தப் பாட்டு. டிரம் மூன்று தரம் அடித்து நின்றது. பிறகு நீ பாடினாய். இரண்டாவது வரிசையில் இருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊர் முன்னால் என்னை நிறுத்தி வைத்துக் கேட்கிறாய் என்று நினைத்தேன்.

மறுநாள் டீக்கடையில் எல்லோரும் உன் பாட்டையே முணுமுணுத்தார்கள். ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான். "இன்னா மச்சான், யாரடா மேல போவச் சொல்றான் உன் தோஸ்து?" என்றான். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். வாய் தானாகத் திறந்தது. "ஒரு பொண்ணுதான். காதுக்குக் கட்டுப் போட்டாங்களே, அந்த நர்ஸம்மா" என்றேன்.

அவ்வளவுதான். நான் சொன்னது ஒரு வரி, மீதியை ஊர் சேர்த்துக்கொண்டது. அந்த நர்ஸ் உன் காயத்தைத் துடைத்துக் கட்டியதைத் தவிர வேறு எதுவும் செய்யாதவர். அவர் பஜாரில் நடந்தால் பின்னால் உன் பாட்டைச் சீட்டியடித்தார்கள். இரண்டு மாதத்தில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். எங்கே போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் அப்போது. குடியாத்தத்திலிருந்து வந்த பெண், தண்ணீர்க் குழாயடியில் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறாள். குடத்தை இடுப்பில் வைத்தபடி என் வாசலுக்கு வந்தாள். நெசமாண்ணா என்று கேட்டாள். இல்லை என்ற ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் பின்னே யார் என்று கேட்பாள். "பழைய கதை, தங்கச்சி. வுட்டுடு" என்றேன். குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் புடவையெல்லாம் நனைந்தது. துடைக்காமல் போனாள்.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டை உன் வீட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை. கிதார் டிரம்காரன் வீட்டு ஆணிக்குப் போனது. ஒரு வருடத்தில் கச்சேரியும் நின்றது.

கதையைக் கிளப்பியது யார் என்று உனக்குத் தெரியும். தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டி வைத்த சயனைடு மேட்டில் நாம் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம், வெள்ளைப் புழுதி பறந்துகொண்டிருந்தது, நல்ல காது என் பக்கம் இருக்கும்படி நீ மாறி உட்கார்ந்தாய்.

"நல்லாத்தான்டா கதை வுட்டுக்கீற. பாட்ட வுட ஒசத்தியா கீது."

சிரித்தாய். உன் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. என்னைக் குத்திக்காட்டத்தானே பாடினாய் என்று கேட்டேன். நீ ஒரு கல்லை எடுத்துப் பக்கத்தில் கிடந்த பழைய இரும்புக் குழாயில் மூன்று தரம் தட்டினாய். அந்த இருட்டில் காற்றுக் குழாயைத் தேடிப் பிடித்து இப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தேன் என்றாய். தட்டுவதும், என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தையைச் சொல்வதுமாக இரவும் பகலும் தெரியாமல் கிடந்தாயாம். தூங்கினால் போய்விடுவோம் என்று பயந்து, சொல்லிச் சொல்லி, அதற்கு மெட்டு தானாக வந்துவிட்டதாம்.

"உன்னத் திட்டி இல்லடா. நாம அனுப்புனவன் மேல போய்ச் சேந்துட்டான், அந்த ஒண்ணுதான் அங்க கையில இருந்துச்சு. அத்தப் புடிச்சிக்கினு இருந்தேன்."

போய் உன் மனைவியிடம் சொல்லிவிடவா என்று கேட்டேன். கேட்ட விதத்திலேயே எனக்குத் தைரியமில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். பெல்மேன் இடத்தை மிதித்தவனோடு எவன் இனி கேஜில் ஏறுவான், உன் பிழைப்பு போய்விடும் என்றாய். எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு, "நான் சொல்ல மாட்டேன். என்னிக்காவது நீயே சொல்லு" என்றாய்.

சுரங்கம் மூடினார்கள். பிழைப்புப் போய்விடும் என்ற காரணமும் அதோடு மூடியது. நான் சொல்லவில்லை. நீ பெங்களூருக்குத் தினமும் ரயிலில் போய் வாட்ச்மேன் வேலை பார்த்தாய். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து டீ குடிப்பாய். ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நாலு வருடத்துக்கு முன் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது முன்பக்கம் தோள் கொடுத்தேன். எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள். அப்போதும் சொல்லவில்லை.

பிறகு தீபா போனோடு வந்தாள். அப்போதாவது சொன்னேனா? நன்றாக முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அந்த நர்ஸ் கதையைத்தான் சொன்னேன். இந்தத் தடவை மல்லிகைப்பூ, மழை, ரயிலடியில் கையாட்டியது எல்லாம் சேர்த்துச் சொன்னேன். அவள் கண் கலங்கியது. எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதும்போது பென்சில் முனை ஒடிந்துவிட்டது.

இது நான் வகுப்பில் சேருவதற்கு முன்னால். அவள் அந்தக் கதையை இங்கிலீஷிலும் அதற்குக் கீழே தமிழிலும் எழுதி, நெட்டில் பாட்டின் அடியில் போட்டுவிட்டாள். போன மாதம் வந்தபோது, தாத்தா இப்போது படிப்பீர்களாமே, இதைப் படியுங்கள் என்று போனைக் கொடுத்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். முதல் வரியில் என் பெயர். என் பெயரை அச்சில் பார்த்ததும் குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டேன். அடுத்த வரிக்கு வந்தேன். மல்லிகைப்பூ. மழை. வாயால் சொன்னபோது காற்றோடு போனது இங்கே போகாமல் நின்றுகொண்டிருந்தது. கண்ணை மூடித் திறந்தாலும் அதே இடத்தில் இருந்தது. எத்தனையோ பேர் வாசித்திருக்கிறார்கள், வாசிக்கப் போகிறார்கள். உன் பேரனும் வாசித்து, வீட்டில் தன் பாட்டிக்கு அதைக் காட்டியிருக்கிறான் என்று தீபா சொன்னாள். பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டாராம்.

அன்றைக்கே உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காருங்கண்ணா என்றாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே கேஜில் ஆரம்பித்துச் சயனைடு மேடு வரைக்கும் சொன்னேன். முறம் நின்றுவிட்டது.

"முப்பத்தஞ்சு வருசம் அந்தாளுக்கு முதுகக் காட்டிக்கினு படுத்தேண்ணா. சாவும்போதுகூட ஒரு வார்த்த கேக்கல. கேட்டா அவ பேரச் சொல்லிடுவாரோன்னு பயம்."

திட்டு தங்கச்சி என்றேன். திட்டினால் உங்களுக்குச் சுளுவாகிவிடும், மாட்டேன் என்றாள். வாசல்வரை போனவனைக் கூப்பிட்டாள்.

"வாயால சொல்லிச் சொல்லித்தான இத்தன ஆச்சு? இப்ப எழுத வருதாமே உங்களுக்கு. எழுதுங்க. எழுதி எனக்குப் படிச்சிக் காட்டுங்க. அப்பறம் அந்தப் பொண்ணுகிட்டக் குடுங்க."

அதனால்தான் எழுதுகிறேன். பத்தொன்பது நாளாக எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். டீச்சர் ஒற்றுப் பிழையை மட்டும் திருத்தினார். நடுவில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார், திரும்பி வந்து மீதியைத் திருத்தினார். மற்ற ஐந்து கிழவர்களும் பழைய ஷிப்டு ஆட்கள். அவர்களுக்கும் தெரியவரும். தெரியட்டும்.

இதுவரை எழுதியதை நேற்று உன் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். சில இடத்தில் எழுத்து மறந்து நின்றேன். அவள் காத்திருந்தாள். சட்டையைப் பிடித்து இழுத்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். நர்ஸ் வரும் இடத்தில், பாவம் அவங்க என்று மட்டும் சொன்னாள். முடித்ததும் பேரனைக் கூப்பிட்டுப் பாட்டைப் போடச் சொன்னாள். தீபாவுடையது இல்லை, பழைய கேசட்டில் இருந்ததை. மூன்று அடி விழுந்தது. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, இது அந்த மணியா என்று கேட்டாள். ஆமாம், ஆள் ஏறிவிட்டது என்று சொல்லும் மணி என்றேன். உன் குரல் வந்தது. உன் வீட்டுச் சுவருக்குள் அந்தக் குரல் அந்தப் பாட்டைப் பாடி நான் கேட்பது இதுதான் முதல் தடவை. அவள் கையிலிருந்த முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள். முடிந்தபின் மறுபடி போடச் சொன்னாள்.

என்னை மன்னித்தாள் என்று எழுத மாட்டேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. நான் செருப்பை மாட்டும்போது, வியாழக்கிழமை வந்து இன்னொரு தடவை படியுங்கள், பாதிதான் காதில் விழுந்தது என்றாள். போவேன். அவள் போதும் என்று சொல்லும்வரை போவேன்.

இன்று காலை இந்தத் தாள்களைப் பெங்களூரில் தீபாவிடம் கொடுக்கக் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். நல்ல கூட்டம். எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, உனக்குக்கூடத் தெரியாது. அன்றைக்குப் பிறகு எந்த ரயிலில், எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் கதவோரமாக ஓர் ஆள் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு உள்ளே தள்ளித்தான் நிற்பேன். யாராவது ஏன் என்று கேட்டால் காற்று ஆகாது என்பேன். இன்றும் ஒருவர் கேட்டார். பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்.

"இன்னா பெரியவரே, அங்கப் போய் இடிச்சிக்கினு நிக்கிறீங்க? கதவாண்ட எடம் கீதே."

"அது பெல்மேன் இடம்பா" என்றேன்.